பெரிய கார் விபத்தில் பிழைத்தவர்கள் வாழ்க்கையையே மாற்றிக்கொள்வது உண்மையா, வெறும் பேச்சா?

என் விஷயத்தில் உண்மை. ஆனால் அடிபட்ட அன்றைக்கே எல்லாம் புரிந்தது என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். அன்றைக்கு வலி மட்டும்தான் இருந்தது. நீங்களும் இப்போது கட்டுப் போட்டுப் படுத்திருப்பவராகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படிக் கேட்கத் தோன்றாது.

2022 மழைக்காலம். நான் மருந்து கம்பெனி ரெப். மழை என்பதால் பைக்கை விட்டுவிட்டுக் காரில் ஏற்காடு போயிருந்தேன். ஏழு மணிக்குள் சேலத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தாக வேண்டும். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்கணும் என்பது எங்கள் ஊரில் புதிதாக லைசென்ஸ் எடுக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலேயே காலை வைத்து வந்தேன். ஒன்பதாவது வளைவுக்கு மேலே கருகல் வாசனை. முன்னால் போகிற லாரியுடையது என்று நினைத்தேன். என் பிரேக்தான் சூடேறிப் பிடிப்பை விட்டிருந்தது. மிதிக்க மிதிக்க வண்டி ஓடியது. தடுப்புச் சுவர்தான் நிறுத்தியது.

தொடை எலும்பு முறிந்துவிட்டது. காபித் தோட்ட வேலை முடிந்து வேனில் வந்தவர்கள் கதவை நெம்பி இழுத்து, 108-க்குப் போன் செய்தார்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழக அரசே ஏற்கிற 'நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் 48 மணி நேரத்துக்கு அப்பா பணம் புரட்ட அலைய வேண்டியிருக்கவில்லை. கட்சிக்காரன் என்று சண்டைக்கு வராதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று மாதம் படுக்கை. செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்கட்டுதான் அப்பாவின் கொலுசுப் பட்டறை. டை கட்ட ஆரம்பித்த பிறகு அதைத் தாண்டி உள்ளே போவதோடு சரி. இப்போது படுத்தபடி பார்த்தேன். 64 வயதில், கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, சலங்கையை இடுக்கியில் பிடித்து ஒவ்வொன்றாகப் பற்றவைக்கிறார். கை நடுங்கினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடுக்கம் நிற்கும்வரை காத்திருக்கிறார். அவருக்குக் கை நடுங்கும் என்பதே எனக்குத் தெரியாது.

காலை நீட்டி உட்கார முடிந்ததும் நானும் பலகையை இழுத்துக்கொண்டேன். முதல் மாதம் நான் வைத்ததை எல்லாம் பிரித்துத் திரும்ப வைத்தார். அப்புறம் ஒரு நாள் ஒரு ஜோடியைக் காதருகே ஆட்டிக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மெருகுக்குப் போகிற தட்டில் போட்டார்.

"நல்ல வேலையை விட்டுட்டானே" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வருமானம் பாதிதான், மறைக்கவில்லை. வெள்ளி விலை எவ்வளவு ஏறினாலும் எங்களுக்குக் கூலி எடைக் கணக்கில்தான். வேலைக்கு வியாபாரி கொடுத்த வெள்ளியில் ஒரு கிராம் குறைந்தால் மட்டும் அன்றைய விலைக்குப் பிடிக்கிறார்கள். கடையில் செய்கூலி, சேதாரம் என்று உங்களிடம் வாங்குகிறார்களே, அதில் பற்றவைத்தவன் கைக்கு எவ்வளவு வருகிறது? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான்: வலி மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நான் ராஜினாமா அனுப்பியது ஐந்தாவது மாதம், ஊன்றுகோல் இல்லாமல் மாடிப்படி ஏறிய பிறகு.