எம்.எஸ்.டபிள்யூ. (முதுநிலை சமூகப் பணி) ஆய்வுக்குத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆய்வுக் கட்டுரைகளை எங்கே, எப்படித் தேடுவது?

முதலாமாண்டு படிக்கிறீர்கள், வீடு தண்டையார்பேட்டை, ஒரு மாதத்துக்குள் தலைப்பையும் 15 கட்டுரைகளையும் கைடிடம் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். யோசனையில் இருப்பவை மூன்று: இளைஞர்களின் போதைப் பழக்கம், எண்ணூர் மீனவர் வாழ்வாதாரம், பள்ளி இடைநிற்றல். தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். நான் வியாசர்பாடிக்காரி. இதே படிப்பைப் படித்து, இதே இடத்தில் திணறியவள்.

நான் முதலில் எழுதிக்கொண்டு போன தலைப்பு, ‘வடசென்னைப் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை’. கைடு பார்த்துவிட்டு, “எந்தப் பெண்கள்மா? எந்தத் தெரு? அவங்ககிட்ட என்ன கேக்கப் போற?” என்றார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அத்தை இருந்தார். கொடுங்கையூர் குப்பைமேட்டில் பொறுக்கப் போகிறவர். அன்று சாயங்காலம் சாக்கை வாசலில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். பால் கவர் ஒரு பக்கம், கெட்டி பிளாஸ்டிக் ஒரு பக்கம், ஒயர் தனியாக. குச்சி முனையில் கட்டிய காந்தத்தைக் குவியல்மேல் ஓட்டினார். ஆணியும் சோடா மூடியும் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. “அடுத்த தெரு காயலாங்கடையில கிலோவுக்கு ரெண்டு ரூபா கூடத் தர்றாங்களாமே, அங்க போடலாமே அத்தை” என்றேன். “அங்க எப்டிமா போட முடியும்? பொண்ணு சடங்குக்கு இவராண்ட துட்டு வாங்கிக்கீறேன். அது தீர்ற வரைக்கும் சரக்கு இவருக்குத்தான்” என்றார்.

தலைப்பு அந்த வாசலில் கிடைத்தது. காயலாங்கடையில் வாங்கும் கடன், பொறுக்குகிற பெண்களின் வருமானத்தை என்ன செய்கிறது? யார், எங்கே, என்ன என்ற மூன்றுக்கும் இப்போது பதில் இருந்தது. முப்பது பேரை நேரில் பார்த்துப் பேசவும் என்னால் முடியும். முதுநிலை ஆய்வுக்கு இந்த அளவு போதும்.

இனி தேடல். நீங்கள் சிக்கிக்கொண்டிருப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். நம் தெருவில் ஒரு விஷயத்துக்கு ஒரு பெயர், ஆய்வு உலகில் அதற்கு வேறு பெயர். அந்த இரண்டாவது பெயர் தெரியாமல் எத்தனை மணி நேரம் தேடினாலும் எதுவும் வராது. ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் நான் முதலில் போட்டது ‘ராக்பிக்கர்’. பெரும்பாலும் பழைய கட்டுரைகளே வந்தன. 2008-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் நடந்த உலக மாநாட்டில் இந்தத் தொழிலாளர்களே கூடி ‘வேஸ்ட் பிக்கர்’ என்ற சொல்லைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். நம் நாட்டின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. அதைப் போட்டதும் புதிய கட்டுரைகள் கொட்டின.

ஊர்ப் பெயரிலும் இதே சங்கடம் உண்டு. 1996-க்கு முன் எழுதியவர்களுக்கு இது ‘மெட்ராஸ்’. ‘சென்னை’ என்று மட்டும் தேடினால் பல பழைய கட்டுரைகள் கண்ணில் படாமலே போய்விடும். எண்ணூர், கொடுங்கையூர் இரண்டையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

கடன் பற்றித் தேடியபோது சமூகப் பணி இதழ்களில் எனக்கு அதிகம் அகப்படவில்லை. வேளாண் பொருளாதாரத்தில் கிடைத்தது. கடன் கொடுத்த வியாபாரிக்கே விவசாயி விளைச்சலைப் போட வேண்டிய கட்டாயத்தைப் பற்றி அங்கே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘இன்டர்லிங்க்ட் கிரெடிட்’. மீன்பிடித் தொழிலிலும் படகுக்காரருக்குப் பணம் கொடுத்தவரே மீனை ஏலம் விடுவதைப் பற்றிய ஆய்வுகள் உண்டு. காசிமேடு பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே உங்கள் துறைக்குள் மட்டும் தேடாதீர்கள்.

நல்ல கட்டுரை ஒன்றே ஒன்று கிடைத்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் போகலாம். அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியல் பழையவற்றைக் காட்டும். கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே இருக்கும் ‘சைட்டட் பை’ அதற்குப் பிறகு வந்தவற்றைக் காட்டும். காசு கேட்டால் ‘ஆல் வெர்ஷன்ஸ்’ அழுத்திப் பாருங்கள்; பல சமயம் இலவசப் பிரதி எங்காவது இருக்கும். இல்லையென்றால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். நான் இரண்டு பேருக்குப் போட்டேன், ஒருவர் மறுநாளே அனுப்பிவிட்டார்.

ஷோத்கங்காவை விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இந்தத் தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. அத்தியாயம் அத்தியாயமாகத் தனிக் கோப்பு. முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் முன்னாய்வு மீள்பார்வை அத்தியாயத்தை முதலில் திறங்கள், பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும். டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1940 முதல் கொண்டுவரும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் சோஷியல் ஒர்க்’கையும் கட்டாயம் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஒரு சீனியரின் ஆய்வேட்டிலிருந்த மேற்கோளை மூலத்தைப் பார்க்காமல் அப்படியே எடுத்து எழுதினேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டார்கள். அப்படியொரு கட்டுரையே இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது. அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. இப்போது ஏஐ செயலிகள் இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுக் கொடுக்கின்றன. நீங்கள் திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

உங்கள் மூன்றுக்கு வருகிறேன். போதை பற்றி எழுத வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வடசென்னை என்றாலே ரவுடி, கஞ்சா என்று எழுதிக் குவித்துவிட்டார்கள். 1918-இல் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான மண் இது. நம் வீட்டுப் பிள்ளைகளே அந்தப் பழைய பல்லவியைத் திரும்பப் பாடுவது எனக்கு வலிக்கிறது. எடுத்தே தீருவேன் என்றால், மறுவாழ்வு மையத்தில் அனுமதி வாங்கி, அங்கே வருகிறவர்களின் மனைவியும் அம்மாவும் எப்படித் தாங்குகிறார்கள் என்று கேளுங்கள். ‘கேர்கிவர் பர்டன்’ என்று தேடுங்கள், நிறையக் கிடைக்கும்.

இடைநிற்றல் பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதியாயிற்று.

நானாக இருந்தால் எண்ணூரை எடுப்பேன். ‘மீனவர் வாழ்வாதாரம்’ என்று மொத்தமாக வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்ததே, அதற்குப் பிறகு அங்கே மீன் விற்கிற பெண்களின் பிழைப்பு என்ன ஆனது, நிவாரணக் கணக்கில் அவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்கலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளும் உங்களுக்கு ஆதாரமாகும். ஆனால் போவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் குப்பங்களுக்கு ஃபார்மோடு வந்து போன மாணவர்கள் ஏராளம். “எழுதிக்கினு போறீங்க, இன்னா எழுதுனீங்கன்னு யாரும் வந்து சொன்னதில்ல” என்று என்னிடமே ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

அதனால்தான் கடைசி வரைவில் இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். “கடன் கடன்னு எழுதிக்கீறியே, கடன்னா வட்டி கட்டணும்ல? இதுக்கு வட்டி கிடையாது. விலைல புடிச்சிக்குவாரு.” திரும்பி வந்து ஆய்வேடு முழுக்க அந்தச் சொல்லை ‘முன்பணம்’ என்று மாற்றினேன். விலையில் பிடிப்பதை மட்டும் தனியாகக் கணக்கிட, முப்பது பேரிடமும் மறுபடி போனேன்.