பழைய டேப் மெஷின் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஒலிப்பதிவுச் சாமான்களைப் பற்றியவை. அதனால் இன்று முழுக்க அவைதான்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து சொந்தமாகப் பாட்டுப் போடுகிறோம். லேப்டாப்பில் பதிவு செய்தால் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் உப்புச்சப்பில்லை. கேரோசல் இணையச் சந்தையில் ரெவாக்ஸ் பி77 ஸ்பூல் டேப் மெஷின் 1,800 வெள்ளிக்கு வந்திருக்கிறது. "4-ட்ராக், நன்றாக ஓடுகிறது" என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? சத்தம் உண்மையிலேயே மாறுமா? – பொங்கோல் வாசகர்

பதில்: முதலில் அந்த "4-ட்ராக்" விஷயம். விற்பவர் பொய் சொல்லவில்லை, ஆனாலும் நீங்கள் ஏமாறப்போவது அங்கேதான். பி77 ஒரு ஸ்டீரியோ மெஷின். 4-ட்ராக் என்றால் டேப்பின் அகலம் நான்காகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்: ஒரு பக்கம் ஓடும்போது இரண்டு ட்ராக், ரீலைத் திருப்பிப் போட்டால் மீதி இரண்டு. வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு டேப் மிச்சமாகும். ஆனால் கித்தார் ஒன்றில், தபலா ஒன்றில், குரல் ஒன்றில் என்று தனித்தனியாகப் பதிந்து பிறகு கலக்க இதில் முடியாது. அதற்கு டியாக் ஏ-3340எஸ் மாதிரி, நான்கு ட்ராக்கும் ஒரே திசையில் ஓடும், பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பதியவிடும் மெஷின் வேண்டும்.

அடுத்து வேகம். சாதாரண பி77 வினாடிக்கு 9.5 அல்லது 19 சென்டிமீட்டர் ஓடும். ஸ்டுடியோக்காரர்கள் கேட்கும் 38 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் ஹெச்எஸ் வகையைத் தேட வேண்டும். 2-ட்ராக் (டேப்பின் முழு அகலமும் ஒரே திசையில்), ஹெச்எஸ், இரண்டும் சேர்ந்த பி77 வந்தால் எனக்கும் கொஞ்சம் ஆசை வரும். 4-ட்ராக் பி77 நல்ல மெஷின்தான், உங்கள் வேலைக்கு ஏற்றதில்லை.

சரி, சத்தம் மாறுமா? மாறும். டேப்பில் பூசியிருக்கும் காந்தத் துகள்கள் ஓரளவுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. டிஜிட்டலில் அளவு மீறினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். டேப்பிலோ அது மெல்ல வளைந்து போகும். தபலாவின் அடி கொஞ்சம் உருண்டு விழும், மூல ஒலியோடு அதைப்போல மூன்று மடங்கு அதிர்வெண் உள்ள மூன்றாம் ஹார்மோனிக் சேர்ந்துகொள்ளும், டேப்பைத் தொட்டுப் பதியும், படிக்கும் ஹெட்டின் வடிவத்தால் அடிநாதம் ஓரிடத்தில் சற்றே தூக்கும். நாம் "கதகதப்பு" என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் குறைகளின் கூட்டுத்தொகையைத்தான். அளந்து பார்த்தால் டேப் தோற்கும். நல்ல ரீல் மெஷினிலேயே சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே 65 டெசிபெல் அளவில்தான் இடைவெளி. 16 பிட் சிடியில் அது 96. காதுக்குப் பிடித்திருந்தால் அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள், அது வேறு.

இன்னொரு லாபமும் உண்டு. லேப்டாப்பில் பிடிக்காத வரியை அழித்து அழித்துப் பாடலாம். டேப்பில் கை கூசும், ஏனென்றால் டேப் விலை அப்படி. உலோக ரீலோடு ஒரு பெரிய புது டேப், அனுப்பும் செலவும் சேர்த்தால் நூறு வெள்ளியைத் தாண்டும். 2,500 அடி நீளம், 38 சென்டிமீட்டர் வேகத்தில் 33 நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். அதனால் ஒழுங்காக ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்துவீர்கள். நான்கு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தது கேட்பவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மெஷினைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஃபோனில் சுருதிப்பெட்டி ஆப்பும் ஒரு கேபிளும் கொண்டுபோங்கள். மெஷினை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு, சுருதியை ஐந்து நிமிடம் பதிவு செய்து திருப்பிப் போட்டுக் கேளுங்கள். ஸா ஆடக் கூடாது. டேப் வேகத்தில் வரும் சிறு தள்ளாட்டத்தைப் பாட்டில் மறைக்கலாம், தம்புராவில் மறைக்க முடியாது. பி77இல் அழிக்க, பதிய, கேட்க என்று மூன்று ஹெட் இருப்பதால் பதிவு ஓடும்போதே "சோர்ஸ்", "டேப்" என்று மாற்றி மாற்றிக் கேட்கலாம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, இடது வலது சமமாக இல்லாவிட்டாலோ ஹெட் தேய்ந்திருக்கலாம், அல்லது அளவமைப்பு கலைந்திருக்கலாம். ஃபோன் டார்ச்சை ஹெட்டில் அடித்து, டேப் உரசும் இடத்தில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். ஓரத்தில் பள்ளம் தட்டினால் தேய்மானம். டேப்பை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் பிசுபிசுத்தால் அதையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

உள்ளே என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்க மறக்காதீர்கள். அந்தக் காலத்து ரிஃபா நிறுவனத்துக் காகித கெப்பாசிட்டர்களின் (மின்னேற்றத்தைத் தேக்கும் உதிரிபாகம்) உறை வருடங்கள் போகப் போக வெடிப்பு விடும். நம் ஊர் ஈரப்பதம் உள்ளே புகும். ஒருநாள் மின்சாரம் போட்டதும் பட்டென்று புகை. மாற்றியதற்கு ரசீது இருந்தால் நல்லது. இல்லையென்றால், இந்த மெஷினைத் தொடத் தயாராக இருக்கும் ஒரு மெக்கானிக்கைப் பிடித்துப் பேசிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். இங்கே இந்த வேலை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். அவர்கள் சொல்லும் தொகையையும் சேர்த்ததுதான் உண்மையான விலை.

என் யோசனை: இதை விட்டுவிடுங்கள். டேப் மெஷின் வைத்திருக்கும் ஸ்டுடியோவில் இரண்டு மணி நேரம் எடுத்து, லேப்டாப்பில் கலந்து வைத்த உங்கள் பாட்டையே டேப்பில் ஓட்டித் திரும்ப வாங்குங்கள். வித்தியாசம் பிடித்தால் 2-ட்ராக் மெஷினுக்குக் காத்திருக்கலாம்.

கேள்வி: அப்பா கோயிலில் பாடுவார். அவர் காலமான பிறகு ஸ்டோர் ரூமில் ஏழு இஞ்ச் ரீல்கள் சில கிடைத்தன. கேட்பதற்காக மலிவாக ஒரு பழைய ரெக்கார்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். – ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. மலிவான ரெக்கார்டர் பதிவு செய்வதை விட டேப்பைக் கடிப்பதில் கெட்டிக்காரன். இந்த ரீல்களுக்கு நகல் கிடையாது.

முதலில் அவை எந்தவகை என்று பாருங்கள். ரீலை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். சுற்றிய டேப்பின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் அது அசிடேட், 1950கள், 60களில் வந்தது. காய்ந்து ஒடியும், கெட்டுப்போனால் வினிகர் வாடை அடிக்கும். வெளிச்சம் தெரியாவிட்டால் பாலியெஸ்டர். அதிலும் 70களின் நடுவிலிருந்து வந்த, பின்பக்கம் கருப்பாகப் பூசிய சில டேப்புகளுக்கு வேறு வியாதி. துகள்களை ஒட்டியிருக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுப்பாகும். ஓட்டினால் கிரீச்சென்று கத்தும், ஹெட்டில் பழுப்பாகப் படியும். படிவது அப்பாவின் குரல். ஆம்பெக்ஸ் 456 இதில் பேர்போனது. தெரிந்தவர்கள் இந்த டேப்பை 54 டிகிரி அளவில் பல மணி நேரம் நிதானமாகச் சூடாக்கி, ஈரம் போனதும் ஒரே மூச்சில் டிஜிட்டலாக மாற்றிவிடுவார்கள். வீட்டு ஓவனில் முயல வேண்டாம். அசிடேட் டேப்பைச் சூடாக்கவே கூடாது.

ஆகவே மெஷினுக்கு வைத்த பணத்தை, ரீல் டேப்பை மாற்றித் தரும் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். சுருக்கப்படாத வேவ் ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள், எம்பி3 மட்டும் போதாது. கொடுக்கும்வரை ரீல்களை கேமரா வைக்கும், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட்டில் 40–50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வையுங்கள். படமெடுக்கும் சொந்தக்காரர் யாராவது ஒரு தட்டு ஒதுக்கித் தருவார். பழைய கோயில் கச்சேரிகள் அதில் இருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: டாஸ்காம் போர்டாஸ்டுடியோ ஒன்றை ஜப்பானிலிருந்து வரவழைக்க நினைக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: 1979இல் வந்த போர்டாஸ்டுடியோ 144, கேசட்டில் நான்கு ட்ராக் பதிந்த முதல் மெஷின். பாட்டு எழுதுபவர்களின் படுக்கையறைக்குள் ஸ்டுடியோவைக் கொண்டுவந்ததே அதுதான். முதல் கேள்விக்காரருக்கும் இது பொருந்தலாம்.

ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. ப்ளக் முனையை மட்டும் மாற்றிச் செருகினால் மெஷின் அன்றோடு சரி. 230ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், மெஷினின் பின்னால் போட்டிருக்கும் வாட் அளவைவிடத் தாராளமான ஒன்றாக. அப்புறம் வரி: பொருளும் அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே வந்திறங்கும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால், விற்பவர் இங்கே ஜிஎஸ்டிக்குப் பதிந்திருக்கும்பட்சத்தில் வாங்கும்போதே வரியைச் சேர்த்துவிடுவார்.

144 கேசட்டை இருமடங்கு வேகத்தில், நான்கு ட்ராக்கையும் ஒரே திசையில் ஓட்டும். அதனால் 60 நிமிடக் கேசட்டில் உங்களுக்குக் கிடைப்பது 15 நிமிடம். அதைச் சாதாரண டெக்கில் போட்டால் பாதி வேகத்தில் இழுத்துப் பாடும், பின்பக்கம் தலைகீழாக ஓடும். பயந்துவிடாதீர்கள். சி-120 (120 நிமிட) கேசட் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் டேப் ரொம்ப மெல்லியது.

கேள்வி: பழைய ஒலிப்பதிவுச் சாமான்களை முதலீடாக வாங்கி வைக்கலாமா? – புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: டேப் மெஷின் என்றால், மாட்டேன். ஓட ஓடத் தேயும், ஓடாமல் வைத்தால் ரப்பரும் கிரீஸும் கெடும். விலை நின்றிருப்பது மைக்கிலும், அதன் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பிலும்தான். 1949இல் வந்த நோய்மன் யூ47 மைக், அதிலிருக்கும் விஎஃப்14 வால்வு இப்போது தயாராவதில்லை என்பதாலேயே எட்டாத விலையில் இருக்கிறது. 1970இன் நீவ் 1073 ப்ரீஆம்ப்பை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், இருந்தும் பழையதைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. ஆனால் இந்தச் சந்தையில் போலிகள் அதிகம், உள்ளே உதிரிபாகம் மாற்றியவை இன்னும் அதிகம். மூடியைத் திறந்து பார்த்துச் சொல்லத் தெரியாதவர் தங்க நகை வாங்கட்டும். ஒலிப்பதிவு செய்யத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பேச்சே வேறு.

கேள்வி: கடையில் வாங்கிய பழைய கேசட் டெக் இரண்டு மாதத்தில் ஒரு சேனல் போய்விட்டது. "பழசு, அப்படித்தான்" என்கிறார்கள். – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் பழைய பொருளுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்றபோதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேளுங்கள், நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ. பொருளின் வயதையும் கொடுத்த விலையையும் கணக்கில் எடுப்பார்கள் என்பதால் புதிய டெக்கின் தரத்தை எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும்போதே சொல்லிக் காட்டிய குறைக்கும் இது பொருந்தாது.

கேரோசலில் தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. விளம்பரத்தையும் பேசிய செய்திகளையும் படமெடுத்து வைத்திருந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான தொகை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உங்களுடையது கடை என்பதால் முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் ரசீதோடு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். எந்தச் சேனல், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.