குளத்தில் நீந்தும் பையனை ஆற்றில் விடலாமா?

வேண்டாம். குளத்தில் நன்றாக நீந்தினாலும், தண்ணீர் திறந்ததும் உங்கள் பத்து வயது மகனைக் காவிரியில் தனியாக விடாதீர்கள்.

எனக்குப் பெரிய பயம் மணல் அள்ளிய குழிகள்தான். கோடையில் அவன் பந்து விளையாடிய அதே மணல்திட்டு. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் நீர் வந்து சேர்ந்ததும் குழி கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் ஆழம் அடுத்த அடியில் தலையை மூடிவிடும். மதகுப் பக்கம் போகவே கூடாது, நீர் உள்ளே இழுக்கும்.

ஒரு சோதனை: குளத்தில் இடுப்பளவு நீரில் நீங்கள் அருகே நின்றுகொண்டு, சட்டையோடு ஒரு நிமிடம் மல்லாந்து மிதக்கச் சொல்லுங்கள். பதறினால் முதலில் மிதக்கப் பழக்குங்கள்.

மிதந்தாலும் ஆற்றில் பெரியவர் துணை வேண்டும். நண்பன் மூழ்கினால் குதிக்காமல், கத்தி ஆள் கூப்பிட்டு, கயிறோ மூடிய காலி கேனோ வீச வேண்டும். இதை இன்றே சொல்லிக்கொடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.