எலிப்பொறிக் கட்டுச் சுவரில் டிவி மாட்ட

பூசாத எலிப்பொறிக் கட்டுச் சுவரில் (செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் சுவர்) டிவி மாட்டத் துளைத்தால், திருகு பிடிக்கச் செருகும் பிளக் பிடிக்காமல் சுற்றுகிறது என்று கேட்டிருந்தீர்கள். சுவரில் குறையில்லைங்க, துளை போட்ட இடம்தான் தப்பு.

கிட்டே போய்ப் பாருங்கள். 9 அங்குல நீளமாகத் தெரியும் கல் 3 அங்குலத் தடிமன்தான், பின்னால் வெற்றிடம். இரண்டு நீளக் கல்லுக்கு நடுவே 3 அங்குல அகலத்தில் ஒடுக்கமாக நிற்கிறதே, அது சுவரின் மறுபக்கம் வரை 9 அங்குலமும் கெட்டியாக ஓடும் கல். அதன் நட்டநடுவில் துளையுங்கள், கலவை இணைப்பில் வேண்டாம். ட்ரில்லில் ஹேமர் மோடை (இடித்துக்கொண்டே துளைப்பதை) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கல் விண்டுவிடும். 10 மி.மீ. பிட், 80 மி.மீ. நைலான் பிளக் போதும். இரும்பு ஆங்கர் போல்ட் விரியும்போது கல்லையே பிளக்கும், தவிர்த்துவிடுங்கள்.

டிவியைத் தாங்கும் சட்டத்தின் ஓட்டைகள் இந்தக் கற்களுக்கு நேராக அமையாது. முதலில் 18 மி.மீ. பிளைவுட்டை ஆறு கற்களில் முடுக்கி, சட்டத்தை அதன்மேல் திருகுங்கள். பழைய துளைகளுக்குச் செங்கல்தூள் கலந்த சுண்ணாம்பு அடையுங்கள்.