விமானத்துக்கே பாராசூட்டா? – வாசகர் கேள்வி, பதில்

(சிறு விமானங்களைப் பழுதுபார்த்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டாலஸ் நகரில் வேலை பார்க்கிறான். விடுமுறை நாட்களில் சிரஸ் என்ற சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். வயிற்றைக் கலக்குகிறது என்றால், "விமானத்துக்கே பாராசூட் இருக்கிறது அம்மா, என்ன ஆனாலும் மெதுவாகத் தரையிறங்கிவிடும்" என்கிறான். உண்மையா, என் வாயை அடைக்கச் சொல்கிறானா?
– ஒரு தாய், காரைக்குடி

பதில்: உண்மைதான் அம்மா. 'மெதுவாக' என்ற சொல்லை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

சிரஸ் விமானத்தில் பாராசூட் பின்புறம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். விமானிக்கு மேலே கூரையில் சிவப்புக் கைப்பிடி ஒன்று உண்டு. அதை இழுத்தால் சின்ன ராக்கெட் ஒன்று மேலே பாய்ந்து பாராசூட்டை உருவிக்கொண்டு போகும். விமானத்தின் தோலுக்கடியில் பதித்திருக்கும் பட்டைகள் பிய்த்துக்கொண்டு வெளியே வர, விமானம் முழுவதுமாக அதில் தொங்கும். இறங்கும் வேகம் நொடிக்கு எட்டரை மீட்டர் அளவு. ஏறக்குறைய பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து விழுகிற அடி அது. அந்த அடி முதுகெலும்புக்குப் போகாமல் தாங்கத்தான் இருக்கைக்கு அடியில், தேன்கூடு போல அமைத்த, நசுங்கக்கூடிய பொருளை வைத்தார்கள். விமானம் பெரும்பாலும் வீணாகும். ஆள் இறங்கி நடப்பார்.

இதை உங்கள் மகன் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 2002 அக்டோபரில், டாலஸை அடுத்த லூயிஸ்வில்லில், பராமரிப்பு முடிந்து மேலே போன ஒரு சிரஸின் இடது இறக்கையிலிருந்து எய்லிரான் கழன்று தொங்கியது. விமானத்தை ஒரு பக்கம் சாய்த்துத் திருப்புகிற பலகைதான் எய்லிரான். அதைத் திரும்பப் பூட்டியவர் சரியாகப் பூட்டவில்லை. (எங்கள் தொழில்காரர் செய்த தவறு, எழுதும்போதே கூசுகிறது.) விமானி கைப்பிடியை இழுத்தார். இறங்கிய இடம் மெஸ்கிட் மரக்கூட்டம். உங்கள் சிவகங்கைச் சீமையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்துக்கு அது பங்காளி. முள் மரம் என்று நாம் திட்டுவது அன்று மெத்தையானது. விமானிக்குக் காயமில்லை. சிரஸ் பாராசூட் உயிர் காத்த முதல் சம்பவம் அதுதான்.

ஆனால் இது தானாக விரியாது. கைப்பிடியை இழுக்க ஏறத்தாழ 20 கிலோ பலம் வேண்டும். ரேஷன் அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, கம்பியில் தொங்குவது போல இழுக்க வேண்டும். அதற்கும் முன்னால், தரையில் நிற்கும்போது கைப்பிடி தவறி இழுபடாமலிருக்கச் செருகிய பாதுகாப்பு ஊசியைப் புறப்படுமுன் எடுத்தாக வேண்டும். மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது ஒரு பயிற்சிப் பள்ளியின் சிரஸில் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். விமானம் ஓடுபாதையை நோக்கி உருண்டுகொண்டிருக்கிறது. மேலே அந்த ஊசியின் சிவப்பு ரிப்பன் ஒய்யாரமாக ஆடுகிறது! தோளைத் தட்டிக் காட்டினேன். பையன் அசடு வழிந்தபடி உருவினான். ஊசியோடு பறந்திருந்தால், கூரையில் இருந்தது வெறும் அலங்காரம்.

உயரமும் வேண்டும். நேராகப் பறக்கும்போது இழுத்தாலே பாராசூட் விரிந்து முடிவதற்குள் 400 அடி போய்விடும் என்று தொடக்க கால மாடல்களின் சோதனை காட்டியது. சுழன்று விழும்போது இழுத்தால் 920 அடி. ஆகவே, மேலெழும்பிய சில நொடிகளில் இன்ஜின் நின்றால் பாராசூட்டை நம்ப முடியாது. எதிரே தெரியும் வயலில் இறக்க வேண்டியதுதான். பல ஆண்டுகள் சிரஸ் விபத்துகளில் ஆட்கள் செத்ததற்கு ஒரு காரணம், இழுக்க வேண்டியவர் இழுக்காததுதான். 'சமாளித்துவிடலாம்' என்ற வீம்பு. விமானம் வீணாகிவிடுமே என்ற சபலம். பிறகு பயிற்சியை மாற்றி, 'முதலில் இழு' என்று பழக்கிய பிறகே நிலைமை தேறியது.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: "எத்தனை அடிக்கு மேல் இருந்தால் யோசிக்காமல் இழுப்பாய்?" எண் உடனே வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். "அது நிலைமையைப் பொறுத்தது அம்மா" என்று இழுத்தால், அவனுடைய பயிற்சியாளரைக் கேட்கச் சொல்லுங்கள். செஸ்னா 172 போன்ற விமானத்துக்கு மாறினாலும் சொல்லச் சொல்லுங்கள். அவற்றில் பெரும்பாலும் பாராசூட் கிடையாது.

கேள்வி: ஒரே விபத்தில் ஒருவர் சாகிறார், ஒருவர் பிழைக்கிறார். தலையெழுத்து என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?
– ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர், திருவண்ணாமலை

பதில்: ஹ்யூ டிஹேவன் என்றொருவரும் இதையே கேட்டார் ஐயா, விடையைத் தலையெழுத்தோடு விடவில்லை. 1917இல் டெக்சாஸில் பயிற்சி விமானியாக இருந்தபோது அவருடைய விமானம் இன்னொன்றோடு மோதி விழுந்தது. பிழைத்தார், ஆனால் வயிற்றுக்குள் பலத்த காயம். காரணம், இடுப்பு பெல்ட்டின் கூரான பக்கிள் என்று கண்டுகொண்டார். காக்க வந்ததே குத்தியிருக்கிறது. பின்னர், மிக உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைத் தேடி ஆராய்ந்து 1942இல் எழுதினார். விழுந்த மண் சில அங்குலம் குழிந்து கொடுத்தாலே உடல் தாங்கிவிடுகிறது. நீங்கள் பஸ்ஸில் பார்த்ததுதான்: ஓட்டுநர் பார்த்து பிரேக் பிடித்தால் கம்பியைப் பிடித்துச் சமாளிக்கலாம், சடாரென்று பிடித்தால் பல் போகும். நிற்பதற்குக் கிடைக்கும் தூரமும், தலை போய் முட்டுகிற இடமும்தான் கணக்கு.

அதனால்தான் எனக்குத் தோள் பெல்ட் மேல் ஒரு வெறி. ஒருமுறை பயிற்சி விமானம் ஒன்றின் தோள் பெல்ட்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். வெயிலில் பழுப்பேறிய தையல் நூல் மாவாக உதிர்ந்தது. "பெல்ட்தானே, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார் பொறுப்பாளர். பேனாக்கத்தியை எடுத்து அவர் கண் முன்னாலேயே அறுத்துவிட்டேன். இனி மாட்டித்தானே ஆக வேண்டும்! மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

கேள்வி: பெரிய பயணிகள் விமானங்களுக்கு ஏன் பாராசூட் வைப்பதில்லை?
– பொறியியல் மாணவர், கோவை

பதில்: கணக்குப் போடுங்கள் தம்பி. ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல் எடையுள்ள சிரஸ் எஸ்ஆர்22-இன் புதிய மாடலுக்கு 65 அடி அகலப் பாராசூட் தேவைப்படுகிறது. ஏர்பஸ் ஏ320 புறப்படும்போது 78 டன் வரை இருக்கும். அதே இறங்கு வேகத்துக்கு அப்படிப்பட்ட பாராசூட்டுகள் நாற்பத்தெட்டு வேண்டும். சிரஸின் பாராசூட்டே மணிக்கு சுமார் 260 கி.மீ. வேகம் வரைதான் விரித்துச் சோதிக்கப்பட்டது. ஏர்பஸ் பறப்பது 800க்கு மேல். போதாததற்கு, பெரிய விமான விபத்துகளில் பெரும்பாலானவை ஏறும்போதும் இறங்கும்போதும் நடக்கின்றன. விரிய உயரம் இராது. இத்தனையும் மீறி நாற்பத்தெட்டையும் மடித்து வைத்துவிட்டால், உங்கள் பெட்டியை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.