டர்போ ஸ்போர்ட்ஸ் காரில் சூடானதும் ஆயில் பிரஷர் விழுகிறது. டர்போ போய்விட்டதா, இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். ஓட்டவும் வேண்டாம். முதலில் டேஷ்போர்டில் உள்ள முள் சொல்வது உண்மைதானா என்று பாருங்கள்.

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1987 மாடல் போர்ஷே 944 டர்போ. இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர், 220 குதிரைத்திறன். வாங்கிய இரண்டாவது கோடையில், ஆட்டோபானில் ஒரு மணி நேரம் விரட்டிவிட்டு ஊருக்குள் வந்து சிக்னலில் நின்றேன். பிரஷர் முள் 1 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே படுத்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தபோது இதே முள் 5-இல் நின்றது. காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பானட்டைக்கூடத் திறக்காமல், கன்ராடு பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க்ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் பேரிங்) போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். கார் வாங்கிய விலையில் பாதி அது.

அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. இந்த இன்ஜினில் இரண்டாம் நம்பர் கன்ராடு பேரிங்தான் முதலில் அடிவாங்கும் என்பது 944 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அளக்காமல் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

டேஷ்போர்டு முள் பிரஷரை நேராக அளப்பதில்லை. இன்ஜினில் இருக்கும் சென்சாரின் மின்தடையைத்தான் காட்டுகிறது. இதில் இருக்கும் விடிஓ கம்பெனி வகை சென்சாரில் பிரஷர் இல்லாதபோது சுமார் 10 ஓம், 5 பாரில் சுமார் 180 ஓம். அதனால் வயர் கழன்றால் முள் உச்சிக்குப் போகும், வயர் எங்காவது உரசி எர்த் ஆனால் பூஜ்யத்துக்கு விழும். முப்பது வருடம் சூட்டில் வெந்த சென்சார் என்ன வேண்டுமானாலும் சொல்லும்.

சென்சாரைக் கழற்றிவிட்டு, அதே மரையில், பிரஷரை நேராக அளக்கும் ஒரு மெக்கானிக்கல் மீட்டரை மாட்டினேன். சரியான அடாப்டர் கிடைக்க ஒரு வாரம் ஆனது, மாட்ட இருபது நிமிடம். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது, 1.3 பார் காட்டியது. டேஷ்போர்டு காட்டியது 0.8. சரி, சென்சார் பொய் சொல்கிறது. ஆனால் 1.3-உம் மகிழ்ச்சியான எண் இல்லை. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 0.7 பார் என்பது பழைய கணக்கு, அந்தக் கணக்கில் தேறிவிடும். இருந்தாலும் இந்தக் காரில் சூடான ஐடிலிங்கில் 2 பார் பக்கத்தில் பார்த்துப் பழகியவன் நான்.

அப்புறம்தான் டிப்ஸ்டிக்கை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். ஊரில் எங்கள் மெக்கானிக் அண்ணன் எந்த வண்டி வந்தாலும் டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோய்த்தான் பேச்சையே ஆரம்பிப்பார். ஆயில் மட்டம் குறையவில்லை, மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. மோந்தால் பெட்ரோல். ஒரு இன்ஜெக்டர் சரியாக மூடாமல் ஒழுகி, பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கியிருக்கிறது. நீர்த்த ஆயில் சூட்டில் இன்னும் இளகி, பேரிங் இடைவெளியில் சுலபமாக வழிந்துவிடும், பிரஷர் நிற்காது. போதாக்குறைக்கு, நல்லது என்று நினைத்து 0டபிள்யூ-30 என்ற இளகலான ஆயிலை ஊற்றியிருந்தவனும் நான்தான்.

இன்ஜெக்டரை மாற்றி, கெட்டியான 15டபிள்யூ-50 ஆயிலை ஊற்றினேன். சூடான ஐடிலிங் 1.9.

கெட்டியான ஆயில் பேரிங் தேய்மானத்தையும் மறைக்கும் என்பதால் பழைய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளைப் பிரித்து வெயிலில் பார்த்தேன். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு நிறைய இருந்தால் பேரிங் தேய்கிறது. செம்பு நிறம் தெரிந்தால் மேல் பூச்சு போய் அடி அடுக்கு வரை இறங்கிவிட்டது, அத்தோடு ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். என்னுடையதில் கரி மட்டும்தான்.

உங்கள் மெக்கானிக்கல் மீட்டரும் குறைவாகக் காட்டினால், எப்போது குறைகிறது என்று கவனியுங்கள். குளிரில் நன்றாக இருந்து, சூட்டில் விழுந்து, ஆர்பிஎம் ஏற்றினால் மீண்டும் ஏறினால் ஆயில் அல்லது பேரிங். குளிரிலும் குறைவாக இருந்து, ஆர்பிஎம் ஏற்றினாலும் ஏற மறுத்தால், கூடுதல் பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். 944-இல் அதை வெளியிலிருந்தே கழற்றலாம், அதனால் சம்ப்பைத் தொடும் முன் அதைப் பாருங்கள். சம்ப்பை இறக்க முன் குறுக்குச் சட்டத்தையே இறக்க வேண்டும், ஒரு வார இறுதி போய்விடும். ஐடிலிங்கில் சரியாக இருந்து, அதிக வேகத்திலோ வளைவிலோ முள் ஆடினால் ஆயில் மட்டம் குறைவு, அல்லது பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சுகிறது.

டர்போவைப் பற்றிக் கேட்டீர்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய் மெல்லியது, அதன் வழியாக இன்ஜின் பிரஷரையே கவிழ்க்கும் அளவுக்கு ஆயில் போகாது. உண்மையில் பிரஷர் குறைந்தால் முதலில் சாகிறவற்றில் டர்போவும் ஒன்று. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஷாஃப்ட் ஒரு மெல்லிய ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. ஓட்ட வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொன்னது அதனால்தான்.

மீட்டர் மாட்டிய பிறகு, சூடான ஐடிலிங்கிலும் 3,000 ஆர்பிஎம்மிலும் வரும் எண்களையும், என்ன ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.