மாடியில் 30 பை, ஃபிரிட்ஜில் 60 வகை

கேள்வி: மாடியில் 30 வளர்ப்புப் பைகளில் காய்கறி போட்டிருக்கிறேன். விதை மட்டும் 60 வகைக்கு மேல் சேர்ந்துவிட்டது. எங்கே விதைத் திருவிழா என்றாலும் கிளம்பிவிடுகிறேன். ‘இந்த ரகம் அடுத்த முறை கிடைக்காதும்மா’ என்று விற்பவர் சொன்னால் போதும், கை தானாகப் பர்ஸுக்குப் போய்விடுகிறது. ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் இடம் முழுக்க விதைப் பாக்கெட்தான். வீட்டுக்காரர் கேலி செய்கிறார் என்று, இப்போதெல்லாம் வாங்கியதைக் கைப்பையிலேயே ஒளித்துவைத்து அவர் வெளியே போனதும் எடுத்து அடுக்குகிறேன். இதை எப்படி நிறுத்துவது? கூடவே ஒரு சந்தேகம். தை மாதம் போட்ட கொடி அவரை கைப்பிடிச்சுவரைத் தாண்டிப் படர்ந்துவிட்டது. ஆனி பிறந்தும் ஒரு பூகூட இல்லை. பிடுங்கிவிடலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மாடித் தோட்டம் போடுகிறவர்களிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஆளுக்கொரு டப்பா ஒளித்துவைத்திருப்பார்கள். அதனால் முதலில் வெட்கப்படுவதை விடுங்கள். பாக்கெட்டை வாங்கும் நேரத்தில் நமக்குத் தெரிவது காய்த்துக் குலுங்கும் செடி மட்டும்தான். மாவுப்பூச்சியோ அணிலோ சித்திரை வெயிலோ அந்தப் படத்தில் கிடையாது. இருபது ரூபாய்க்கு இவ்வளவு சந்தோஷம் வேறு எங்கே கிடைக்கும்?

சிக்கல் என்னவென்றால், பீரோவில் பத்து வருடம் மடித்துவைத்தாலும் பட்டுப்புடவை புடவைதான். விதை அப்படி இல்லை, அதற்கு உயிர் இருக்கிறது, வயதும் ஆகிறது. வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே தளர்ந்துவிடும். வெண்டையும் மிளகாயும் இரண்டு வருடம் போல. தக்காளி, கத்தரி, சுரை, பீர்க்கன் எல்லாம் நன்றாகக் காயவைத்துப் பாதுகாத்தால் மூன்று நான்கு வருடம் வரும். மதுரை வெயிலில் சமையலறை அலமாரியில் கிடந்தால் இந்தக் கணக்கும் நிற்காது. அதனால் நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் 60 வகையில் பாதி ஏற்கெனவே வெறும் காகிதப் பொட்டலமாகியிருக்கலாம்.

ஆடிப்பட்டம் வருவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு வகையிலும் பத்து விதை எடுத்து, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, பெயர் எழுதி ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். துணி காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது. வெண்டை, பீர்க்கன் எல்லாம் ஒரு வாரத்தில் முளை காட்டும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். பத்துக்கு ஏழு முளைத்தால் நல்ல விதை. நாலைந்து என்றால் இந்தப் பட்டத்திலேயே கொஞ்சம் நெருக்கமாகப் போட்டு முடித்துவிடுங்கள். இரண்டுக்கும் கீழே போனால் தயவு தாட்சண்யம் வேண்டாம், கழித்துவிடுங்கள். விதை வாங்கும் ஆசையை எந்த அறிவுரையையும்விட அந்தத் துணிச் சுருட்டு நன்றாகக் குறைக்கும்.

பாக்கெட்டைப் பிரிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சில கம்பெனி விதைகள் சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருக்கும். பூஞ்சைக்கொல்லி கலந்ததற்கு அடையாளம் அது. அதை முட்டைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். தனியாக மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மற்ற விதைகளுக்கும் ஃபிரிட்ஜ் கதவு சரியான இடம் இல்லை. நன்றாகக் காய்ந்த விதையை இறுக்கமாக மூடும் பாட்டிலில் போட்டு உள்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், பாட்டிலின் குளிர் போகட்டும். இல்லாவிட்டால் விதைமேல் நீர் கோர்த்துக்கொள்ளும்.

இப்போது பைக் கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் கத்தரி விதையில் 200க்கு மேல் இருக்கும். உங்கள் வீட்டுக்கு நாலு செடி தாராளம். தக்காளிக்கு ஐந்து பை, மிளகாய்க்கு மூன்று. வெண்டையில் ஒரு செடி ஒரே நாளில் நிறையக் காய் தராது, குழம்புக்குத் தேற வேண்டுமானால் எட்டுப் பை வேண்டும். கீரைக்கு நாலு, பந்தல் காய்களுக்குப் பெரிய பையாக நாலு. ஆக 28. மிச்சம் இரண்டு பை உங்கள் ஆசைக்கு. புதிதாக எந்த ரகம் வாங்கினாலும் அந்த இரண்டு பையில்தான் இடம். அவை நிறைந்திருந்தால் அந்தத் திருவிழாவில் வேடிக்கை மட்டும் பாருங்கள். இல்லையென்றால் வீட்டில் மிஞ்சியதைக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். ‘இனி வாங்கவே மாட்டேன்’ என்ற சபதம் எல்லாம் வேண்டாம், அது அடுத்த திருவிழா வரைக்கும்தான் தாங்கும்.

‘அடுத்த முறை கிடைக்காது’ என்ற பேச்சையும் அப்படியே நம்பாதீர்கள். ஒரு நாட்டுக் கத்தரிக்காயை முற்றிப் பழுக்க விட்டால் நூற்றுக்கணக்கில் விதை கிடைக்கும். அதைக் கொண்டுவந்து விற்கிற அளவுக்கு ஒருவர் விளைவிக்கிறார் என்றால் அடுத்த வருடமும் வரும். (இணையத்தில் நீல ஸ்ட்ராபெரி விதை என்று படம் போட்டு விற்கிறார்கள். அப்படி ஒரு பழமே கிடையாது. படத்தில் ஏற்றிய சாயம் அது. நீங்கள் வாங்கியிருந்தால் என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம்.)

ரகம் அழிந்துவிடுமே என்ற கவலைதான் உங்களை வாங்க வைக்கிறது என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. ஒரே ஒரு ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது; அந்த மாதிரி ஒரு கத்தரியோ, ஒரு சிவப்பு வெண்டையோ போதும். ஆனால் நாலு வகைக் கத்தரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். வெண்டையிலும் அப்படித்தான். சுரை, பீர்க்கனில் கேட்கவே வேண்டாம். அந்தக் காயைத் தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் அதிலிருந்து எடுத்த விதை அடுத்த பட்டத்தில் என்னவாக வரும் என்று சொல்ல முடியாது. அதாவது, வகையை எவ்வளவு கூட்டுகிறீர்களோ அவ்வளவுக்கு உங்கள் மாடியில் எதையும் சுத்தமாகக் காப்பாற்ற முடியாது. ஒரு ரகத்தை எடுத்து, பூ விரிவதற்கு முன்பே சின்ன வலைப் பை கட்டி, பூத்ததும் காம்பை லேசாகத் தட்டிவிட்டு, காயைப் பழுக்கவைத்து விதை எடுத்துத் தெருவுக்கே கொடுங்கள். வாங்கும்போது வந்த சந்தோஷம் கொடுக்கும்போதும் வரும், செலவும் இல்லை.

வீட்டுக்காரரிடம் ஒளிப்பதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். ஒளித்துவைத்த பாக்கெட்டை அவர் எதிரில் விதைக்க முடியாது, கடைசியில் அது விதைக்கப்படாமலே போகும். முளைப்புச் சோதனைக்கு அவரையே எண்ணச் சொல்லுங்கள். கேலி செய்துகொண்டேதான் எண்ணுவார், எண்ணட்டும்.

கொடி அவரையைப் பிடுங்காதீர்கள். பழைய பந்தல் ரகங்கள் பகல் நேரம் குறைந்தால்தான் பூக்கும். தையில் போட்டால் பகல் நீண்டுகொண்டே போவதால் கொடியாக மட்டும் ஓடும். அதனால்தான் அதற்கு ஆடிப்பட்டம் என்று வைத்தார்கள். இப்போது நுனிகளைக் கிள்ளி, படர்ந்ததைக் கொஞ்சம் குறைத்து, அடியில் மக்கிய தொழுஉரம் வையுங்கள். யூரியா வேண்டாம், இலைதான் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் பூ எடுக்கும். அசுவினிப் பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலை வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். வருடம் முழுக்க அவரை வேண்டுமானால் செடி அவரை போடுங்கள், அதற்குப் பட்டம் பார்க்கத் தேவையில்லை. அந்த விதையும் உங்கள் ஃபிரிட்ஜில் இருக்கும் என்றே நினைக்கிறேன், கடைக்குப் போகும் முன் ஒருமுறை தேடிப் பாருங்கள்.